தில்லியில் கம்ப்யூட்டர் வழியே இலவச டிவி: டியூனர் கார்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்.கே. புரம், மயூர் விஹார், கரோல் பாக், ஜனக்புரி என்று தில்லியில் நம்மவர்கள் இருக்கும் பக்கமெல்லாம் போய், டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்துக் கொடுத்திருக்கிறேன். போன இடமெல்லாம் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வேலை. உங்கள் வீட்டு மொட்டை மாடியில் எந்த அலை, எந்த முறையில் வந்து இறங்குகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இதைத் தலைகீழாகச் செய்துதான் பலர் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

டியூனர் கார்டு என்ன செய்கிறது? செட்டாப் பாக்ஸ் இருக்கும்போது இது எதற்கு?

ஆன்டெனாவிலிருந்தோ டிஷ்ஷிலிருந்தோ வரும் கேபிளை கம்ப்யூட்டரில் செருக ஒரு வழி வேண்டும். அதுதான் டியூனர். அலையைப் பிடித்து, அதிலிருக்கும் டிஜிட்டல் ஓட்டத்தைப் பிரித்து, அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடும். படத்தை விரிப்பது, பதிவு செய்வது, வீட்டிலுள்ள மற்ற திரைகளுக்கு அனுப்புவது எல்லாம் கம்ப்யூட்டரின் பாடு.

நேரலை மட்டும் பார்ப்பவர்களுக்குச் சாதாரண பெட்டியே போதும். ஆனால் பதிவு என்று வந்துவிட்டால் பெட்டியும் டியூனரும் வேறு வேறு. மயூர் விஹாரில் ஒரு மாமாவின் பேத்தி குடியரசு தின அணிவகுப்பில் பள்ளிக் குழுவோடு ஆடினாள். தூர்தர்ஷன் ஒளிபரப்பு முழுவதையும் பதிவில் போட்டிருந்தோம். அவள் திரையில் வந்தது சில நொடிகள்தான். மாலையில் மாமி அந்த நொடிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "அந்தப் பச்சைத் தாவணி, இடது பக்கம் மூணாவது, அவதான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அந்தக் கோப்பு இன்றும் அவர் வீட்டில் இருக்கிறது. யாரும் நீக்க முடியாது, விளம்பரம் வந்து குறுக்கே நிற்காது, நெட் போனாலும் ஓடும். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே இதனால்தான்.

அமெரிக்காவிலிருந்து மகன் ஒரு நல்ல டியூனர் கொண்டுவந்திருக்கிறான். இங்கே வேலை செய்யுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வேலை செய்யாது என்று சொல்லும்போது எனக்கே மனசு கேட்பதில்லை.

அமெரிக்காவில் ஆன்டெனா வழி ஒளிபரப்பு ஏடிஎஸ்சி என்ற முறையில் நடக்கிறது. ஒவ்வொரு சேனலுக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் அகலம். நம் நாட்டில் தூர்தர்ஷன் எடுத்துக்கொண்டது ஐரோப்பாவின் டிவிபி-டி2. அகலம் 8 மெகாஹெர்ட்ஸ், தகவலை அலையில் ஏற்றும் முறையே வேறு. அமெரிக்கப் பதிப்பில் உள்ள சிப் அமெரிக்க முறைக்கென்று செய்யப்பட்டது. மென்பொருளை மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே பெயரில் இரண்டு பதிப்புகள் விற்கிறார்கள். ஹாப்பாக் நிறுவனத்தின் வின்டிவி டூயல்ஹெச்டி, குவாட்ஹெச்டி இரண்டுக்கும் அமெரிக்கப் பதிப்பு ஒன்று, ஐரோப்பியப் பதிப்பு ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ரூட்டரில் செருகும் எச்டிஹோம்ரன் டியூனர் பெட்டிகளிலும் இதே கதைதான். அட்டைப் பெட்டியில் டிவிபி-டி2 என்று அச்சிட்டிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

லண்டனிலிருந்து வருகிறவர்களிடம் தாராளமாகச் சொல்லி அனுப்பலாம். பிரிட்டனின் ஃப்ரீவியூ ஹெச்டி ஓடுவது டிவிபி-டி2 முறையில்தான், அகலமும் 8 மெகாஹெர்ட்ஸ். அங்கே வேலை செய்யும் டியூனர் இங்கேயும் செய்யும். ஜப்பானிலிருந்து வருவது ஐஎஸ்டிபி முறை, அது வேண்டாம்.

தில்லி வானத்தில் இலவசமாக என்னதான் வருகிறது?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று தரைவழி, அதாவது கோபுரத்திலிருந்து நேராக வீட்டு ஆன்டெனாவுக்கு. இன்னொன்று செயற்கைக்கோள்.

இந்தியாவின் தொலைக்காட்சியே 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில்தான் தொடங்கியது. பீதம்புராவில் நிற்கும் 235 மீட்டர் கோபுரம் 1988-ல் கட்டி முடிக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் டிவிபி-டி2 ஒளிபரப்பைத் தொடங்கியபோது தில்லியும் அதில் இருந்தது. டிடி நேஷனல், டிடி நியூஸ், டிடி ஸ்போர்ட்ஸ், டிடி பாரதி, அதோடு மாநிலச் சேனல் அல்லது கிசான் என்று ஐந்து. எல்லாம் சாதாரணத் தரம், ஹெச்டி கிடையாது. பழைய அனலாக் கோபுரங்களை, எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் இருக்கும் சுமார் ஐம்பதைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் மூடிவிட முடிவெடுத்தார்கள்.

செயற்கைக்கோள் வழி என்பது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்தது. இப்போது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15-லிருந்து இறங்குகிறது. மாதக் கட்டணம் கிடையாது. தூர்தர்ஷன் சேனல்களோடு தனியார் சேனல்களும், ஆகாசவாணி நிலையங்கள் பலவும் வருகின்றன.

என் அபிப்பிராயம் இது: தில்லியில் இருப்பவர் காசு போடும் முதல் டியூனர் செயற்கைக்கோள் டியூனராக இருக்கட்டும், அதாவது டிவிபி-எஸ்2. தரைவழி டியூனரை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது ஒரு டி2 ஸ்டிக்கை (யூஎஸ்பியில் செருகும் சின்னத் தரைவழி டியூனர்) கடன் வாங்கி, உங்கள் மாடியில் ஒருமுறை தேடல் போட்டுப் பார்க்காமல் அதில் செலவு செய்ய வேண்டாம்.

தமிழ்ச் சேனல் வருமா?

டிடி தமிழ் ஃப்ரீ டிஷ்ஷில் வருகிறது. பொதிகை என்று நாம் கூப்பிட்டுப் பழகியதுதான், 2024 ஜனவரி 19 அன்று புதுப் பெயரோடு மறுபடி தொடங்கினார்கள். தில்லிக் கோபுரத்திலிருந்து அது வராது, டிஷ் வேண்டும். பெரிய தனியார் தமிழ்ச் சேனல்களை இந்த வழியில் எதிர்பார்க்க வேண்டாம், அவை கட்டணச் சேனல்கள். தமிழுக்காக மட்டும் இதைச் செய்ய நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

சன் டைரக்ட், டாடா ப்ளே அட்டையை டியூனரில் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியாது. அந்த ஒளிபரப்பு பூட்டிய ஒளிபரப்பு. சாவி அவர்கள் கொடுத்த பெட்டியோடும் அட்டையோடும் கட்டப்பட்டது. பூட்டை உடைக்கும் சாமான் இருக்கிறது என்று சிலர் விற்க வருவார்கள். அது சட்டவிரோதம், பக்கத்திலேயே போக வேண்டாம். ஆனால் பழைய இணைப்பை நிறுத்திவிட்டு டிஷ் மட்டும் மாடியில் சும்மா நிற்கிறது என்றால் அதைத் தாராளமாகத் திருப்பி வைத்து ஃப்ரீ டிஷ்ஷுக்குப் பயன்படுத்தலாம்.

நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் ஒரு சின்ன ஸ்டிக் மலிவாகக் கிடைக்கிறது. டிவிபி-டி என்று போட்டிருக்கிறது. போதாதா?

போதாது. டிவிபி-டி வேறு, டிவிபி-டி2 வேறு. பெயரில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் முதலாவதை மட்டும் படிக்கத் தெரிந்த சிப்புக்கு இரண்டாவது வெறும் இரைச்சல். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ரியல்டெக் ஆர்டிஎல்2832யு சிப் உள்ள ஸ்டிக்குகள் டிவிபி-டி மட்டும் பிடிக்கும். அதே சிப்போடு டி2-க்கென்று இரண்டாவது சிப்பையும் சேர்த்து வைத்த மாடல்களும் உண்டு, அவை விலை கூடுதல். நானும் ஆரம்பத்தில் ஒரு கடைக்காரர் பேச்சை நம்பி முதல் வகையை வாங்கி வந்தேன். ராத்திரி முழுக்கத் தேடல் போட்டும் ஒரு சேனல்கூட வரவில்லை. கேபிளை மாற்றினேன், ஆன்டெனாவைத் திருப்பினேன், விண்டோஸை மறுபடி போட்டேன். குற்றம் அந்த ஒரு இலக்கத்தில் இருந்தது.

அந்த ஸ்டிக்கைத் தூக்கிப் போட வேண்டாம். ரேடியோ அலைகளைக் கேட்டுப் பார்க்கும் பொழுதுபோக்குக்கு அது உலகம் முழுக்கப் பிரபலம். எஃப்எம்மிலிருந்து விமானங்கள் அனுப்பும் இடத் தகவல் வரை பிடிக்கும். என்னுடையதைப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

எத்தனை டியூனர் வேண்டும்? நான்கு டியூனர் கார்டு வாங்கலாமா?

அமெரிக்க, ஐரோப்பிய வலைத்தளங்களைப் படித்துவிட்டு எல்லோரும் நான்கு டியூனர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் பெரும்பாலும் தனி அலைவரிசை. ஒரே நேரத்தில் நான்கு நிலையங்களைப் பதிவு செய்ய நான்கு டியூனர் தேவைப்படும். இங்கே கணக்கு வேறு. தூர்தர்ஷனின் அந்த ஐந்து சேனல்களும் ஒரே அலைவரிசையில் ஒரே கட்டாக வருபவை. டியூனர் ஒரு கட்டைப் பிடித்தால் அதற்குள் இருக்கும் எல்லாச் சேனல்களும் கைக்கு வந்துவிடும். டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருளில் ஒரே டியூனரை வைத்து ஐந்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். ஆக, தில்லித் தரைவழிக்கு ஒரு டியூனர் போதும். மீதி மூன்று சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஃப்ரீ டிஷ்ஷில் கட்டுகள் பல, ஒவ்வொன்றிலும் கூட்டமாகச் சேனல்கள். ஒரு டியூனர் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு கட்டு. டிடி தமிழைப் பதிவு செய்துகொண்டே வேறு கட்டிலிருக்கும் சேனலைப் பார்க்க இரண்டு டியூனர் வேண்டும். என் அனுபவத்தில் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு தாராளம்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். தரைவழியில் ஒரே கேபிளை கார்டு உள்ளுக்குள்ளேயே பிரித்து எல்லா டியூனர்களுக்கும் கொடுத்துக்கொள்ளும். குவாட்ஹெச்டியில் ஆன்டெனாச் செருகி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். டிஷ்ஷில் அப்படி முடியாது. டியூனர்தான் கேபிள் வழியாக டிஷ்ஷின் எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் நீளும் கம்பியின் நுனியில் இருந்து அலையை வாங்கும் சின்னப் பெட்டி) உத்தரவு கொடுக்கிறது: 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை, 18 வோல்ட் அனுப்பினால் கிடை அலை. இரண்டு டியூனர் ஒரே கேபிளில் இரண்டு உத்தரவு கொடுத்தால் எல்என்பி என்ன செய்யும்? அதனால் இரண்டு டியூனருக்கு இரட்டை வாய் உள்ள எல்என்பியும் மாடியிலிருந்து இரண்டு கேபிளும் வேண்டும். வீட்டில் பெயின்ட் அடிக்கும் முன்பே இதை யோசித்துவிட்டால் நிம்மதி.

யூஎஸ்பியா, உள்ளே செருகும் கார்டா, நெட்வொர்க் பெட்டியா?

லேப்டாப்போ குட்டிக் கம்ப்யூட்டரோ என்றால் யூஎஸ்பிதான் வழி. வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு முழுக் கட்டே சில பத்து மெகாபிட்தான், யூஎஸ்பி 2.0 தாங்குவது 480. கவலைப்பட வேண்டியது சூட்டைப் பற்றி. தில்லி மே மாதத்தில், காற்றோட்டம் இல்லாத டிவி அலமாரிக்குள் அந்தச் சின்ன ஸ்டிக் தொட முடியாத அளவுக்குச் சுடும், அப்புறம் படம் உடைய ஆரம்பிக்கும். ஒரு முழம் யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் போட்டு வெளியே தொங்கவிட்டால் சரியாகிவிடும்.

செயற்கைக்கோள் யூஎஸ்பி டியூனருக்கு மட்டும் தனி அடாப்டர் இருக்கும். எல்என்பிக்கு நான்கைந்து வாட் வரை தேவைப்படலாம், யூஎஸ்பி 2.0 வாய் தருவதோ இரண்டரை வாட். அடாப்டர் இல்லாமல் விற்கும் எஸ்2 யூஎஸ்பி பெட்டியைக் கண்டால் எல்என்பிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டர் பெரிய பெட்டியாக இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுதான் என் விருப்பம். மிகச் சிறிய எக்ஸ்1 செருகியே போதும். குறுகலான பெட்டி என்றால், கார்டைப் பெட்டியில் பொருத்தும் குட்டையான தகடும் கூட வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எஸ்2 கார்டுகள் சிலவற்றுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி இணைப்பும் கொடுக்க வேண்டியிருக்கும்.

நெட்வொர்க் பெட்டியை ரூட்டரில் செருகினால் போதும், வீட்டில் எந்தத் திரையிலும் பார்க்கலாம். வசதிதான். ஆனால் டி2 பதிப்பை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், பழுது வந்தால் அங்கேதான் அனுப்ப வேண்டும். அதே வேலையை ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டும், அதன்மேல் மாட்டுவதற்கென்று 2018 அக்டோபரில் வந்த டிவி ஹேட் என்ற டியூனர் பலகையும் செய்யும். அது டிவிபி-டி, டி2 இரண்டையும் பிடிக்கும். கையால் கொஞ்சம் வேலை செய்யத் தயங்காதவர்களுக்கு இது நல்ல வழி.

சரி, கடைசியில் எந்த கார்டு?

டிவிபி-டி2-க்கு ஜெனியாடெக் டி230 வகை ஸ்டிக் போதும். உள்ளே இருப்பது சிலிக்கான் லேப்ஸின் எஸ்ஐ2168 சிப், உணர்திறன் நன்றாக இருக்கும். ஹாப்பாக்கின் சோலோஹெச்டி, டூயல்ஹெச்டி இரண்டும் இன்னும் நேர்த்தியான தயாரிப்பு, விலையும் அதற்கேற்ப. கடையில் பெட்டியை நேரில் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால் ஹாப்பாக், இணையத்தில் தேடி வாங்குகிறீர்கள் என்றால் டி230 என்பது என் பழக்கம்.

டிவிபி-எஸ்2-க்கு டிபிஎஸ், டிவிபிஸ்கை இரண்டு பெயர்களைப் பார்க்கலாம். டிபிஎஸ் 6902, டிவிபிஸ்கை எஸ்952 இரண்டும் இரட்டை டியூனர் கார்டுகள். யூஎஸ்பியில் டிபிஎஸ் 5927, டிவிபிஸ்கை எஸ்960. அலை பிடிப்பதில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் நான் கண்டதில்லை. வித்தியாசம் தெரிவது டிரைவரில், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளில். டிவிபிஸ்கை கார்டுகளுக்கான ஆதரவு லினக்ஸின் மையமான கெர்னலிலேயே சேர்ந்து வருகிறது, கார்டுக்குள் ஏறும் ஃபர்ம்வேர் கோப்பை மட்டும் வைத்தால் போதும். டிபிஎஸ் கார்டுகள் பலவற்றுக்கு அந்த நிறுவனத்தின் டிரைவரைத் தனியாகத் தொகுத்து நிறுவ வேண்டும், கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் மறுபடி நிறுவ வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச் நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகப் புதுப்பித்துக்கொண்டு, டியூனரே காணோம் என்று நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. லினக்ஸ் வைப்பவருக்கு நான் சொல்வது டிவிபிஸ்கை. விண்டோஸ் என்றால் இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு வழியும் ஒரே கார்டில் வேண்டும் என்றால் டிவிபிஸ்கை டி9580, ஹாப்பாக் எச்விஆர்-5525 இருக்கின்றன. டிஷ்ஷுக்கு ஒரு செருகி, ஆன்டெனாவுக்கு ஒரு செருகி. ஒரே ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகி உள்ள மதர்போர்டுக்கு இவை பொருத்தம். மற்றபடி, எஸ்2 கார்டை உள்ளே போட்டு டி2 ஸ்டிக்கை வெளியே தொங்கவிடுவதே எனக்குப் பிடிக்கும். ஒன்று போனால் இன்னொன்று ஓடும்.

டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

தில்லியிலிருந்து ஜிசாட்-15 இருப்பது தென்கிழக்கு, இன்னும் துல்லியமாகச் சொன்னால் வடக்கிலிருந்து வலமாக 149 டிகிரி. தரையிலிருந்து உயரம் 52 டிகிரி. சொந்தங்கள் பெங்களூரில் கேட்டால் அங்கே 128 டிகிரியும் 66 டிகிரியும், ஊருக்கு ஊர் மாறும்.

முதல்முறை வைப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வீட்டு டிஷ்ஷில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். அதனால் டிஷ் பார்க்கும் திசைக்கும் அதன் முகம் தெரியும் திசைக்கும் இருபத்தைந்து டிகிரி அளவுக்கு வித்தியாசம் வரும். 52 டிகிரி உயரத்தைப் பிடித்திருக்கும் டிஷ், பார்ப்பதற்கு எதிர்வீட்டு மாடியைப் பார்ப்பதுபோல்தான் நிற்கும். வானத்தைப் பார்க்க வேண்டுமே என்று மல்லாக்கத் திருப்பினால் ஒன்றும் வராது. பின்னால் உள்ள அளவுத் தகட்டில் 52 என்று வையுங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

காம்பஸை டிஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு அதைத் திருப்பிவிடும். நாலடி தள்ளி நின்று திசையைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அப்புறம் இடவலமாக ஒரு விரல்கடை அளவு நகர்த்தி, இரண்டு நொடி நிறுத்தி, மறுபடி ஒரு விரல்கடை. டியூனருக்குச் சிக்னலைப் பூட்ட அந்த இரண்டு நொடி வேண்டும். ஒருவர் மாடியில், ஒருவர் திரை முன்னால், நடுவே போன். "வருது மாமா, வருது, அப்படியே... ஐயோ போச்சு, கொஞ்சம் பின்னால" என்று அரை மணி நேரம் போகும். திரையில் சிக்னல் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அது ஒவ்வொரு கார்டிலும் ஒவ்வொரு மாதிரி காட்டும். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியை டெசிபலில் காட்டும் எண் ஒன்று இருக்கும், அது ஏற வேண்டும். திருத்த முடியாத பிழைகளின் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும்.

எதிரே மரமோ கட்டிடமோ மறைக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு அழகான வழி இருக்கிறது. மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் முதல் பாதியிலும் சில நாட்கள், காலை பதினொரு மணி வாக்கில், சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் நீங்கள் டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் வழி தெளிவு. அதே காரணத்தால் அந்த நாட்களில் சில நிமிடங்கள் படம் போய்விட்டுத் திரும்ப வரும். பதற வேண்டாம், டிஷ்ஷைத் தொட வேண்டாம்.

பலத்த மழையில் போகிறதே?

போகும். இவ்வளவு உயர்ந்த அலைவரிசையை மழைத்துளி உறிஞ்சிவிடும். சாதாரண மழையிலேயே போகிறது என்றால் டிஷ் கொஞ்சம் விலகி இருக்கிறது என்று அர்த்தம். மே, ஜூனில் அடிக்கும் புழுதிக் காற்றுக்குப் பிறகு போல்ட்டுகளை ஒருமுறை பாருங்கள். குரங்குகள் நடமாடும் பேட்டை என்றால் கேபிளைத் தொங்கவிடாமல் குழாய்க்குள் விடுங்கள், அதைப் பிடித்துத் தொங்கியே கழற்றிவிடும்.

தரைவழிக்கு எந்த ஆன்டெனா? பூஸ்டர் வேண்டுமா?

யுஹெச்எஃப் என்ற உயர்ந்த அலைவரிசைக்கான யாகி (மீன்முள் வடிவ ஆன்டெனா), மாடியில், பீதம்புரா பக்கம் நோக்கி. கரோல் பாகிலிருந்து கோபுரம் ஏழெட்டு கிலோமீட்டருக்குள், ஆர்.கே. புரத்திலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே பதினான்கு, மயூர் விஹார் முதல் கட்டத்திலிருந்து வடமேற்கே பதினாறு பதினேழு. இந்தத் தூரத்துக்கு மாடியில் பூஸ்டர் தேவையே இல்லை. பரணில் கிடக்கும் பழைய தூர்தர்ஷன் காலத்து நீளக் குழாய் ஆன்டெனா அதைவிடத் தாழ்ந்த விஹெச்எஃப் அலைவரிசைக்குச் செய்தது, அது உதவாது.

பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். ஆன்டெனாவுக்குப் பக்கத்தில், கேபிள் தொடங்கும் இடத்தில் வைத்தால் கேபிளில் தொலைவதை ஈடு செய்யும். டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் தொலைந்தது தொலைந்ததுதான். செல்போன் கோபுரம் எதிரிலேயே இருந்தால் பூஸ்டர் திக்குமுக்காடி, வந்துகொண்டிருந்த சேனலும் போகும்.

கேபிளில் என்ன இருக்கிறது, எதுவானாலும் ஒன்றுதானே?

இல்லை. ஆர்ஜி-6, 75 ஓம், உள்ளே செப்பு. முப்பது மீட்டர் நீளத்தில் யுஹெச்எஃப் அலை ஐந்து டெசிபல் அளவுக்குக் குறையும், மூன்று டெசிபல் குறைந்தாலே பாதி போனது மாதிரி. டிஷ் கேபிளில் இழப்பு இதைவிட அதிகம். செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் எல்என்பி, கேபிள், முனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். முனையை முறுக்கி மாட்டும் வகையைவிட அழுத்தி இறுக்கும் வகை நல்லது. வெளியில் இருக்கும் முனைக்கு ரப்பர் உறை போடுங்கள், தண்ணீர் இறங்கினால் கேபிள் முழுக்கப் போச்சு.

எந்த மென்பொருள்?

விண்டோஸ் 7 காலத்தில் மீடியா சென்டர் என்று ஒன்று கூடவே வந்தது, விண்டோஸ் 10-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது விண்டோஸுக்கு நெக்ஸ்ட்பிவிஆர், இலவசம். காசு கொடுக்கத் தயார் என்றால் டிவிபிவியூவர். லினக்ஸில் டிவிஹெட்எண்ட் பின்னால் ஓட, திரையில் காட்ட முன்னால் கோடி (Kodi) என்ற மென்பொருள். இந்த ஜோடிதான் என் வீட்டில். கோடிக்கென்றே செய்த லிப்ரெஎலெக் என்ற லினக்ஸைப் போட்டால் இரண்டையும் ஒரே மூச்சில் அமைத்துவிடலாம். டிவிஹெட்எண்ட்டை அமைக்க வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அதன் முகவரியோடு 9981 என்ற எண்ணைச் சேர்த்துத் திறக்க வேண்டும். ஃப்ரீ டிஷ் அலைவரிசைகளைச் சேர்க்கும்போது எல்என்பி வகையை யுனிவர்சல் என்று வையுங்கள். இதை மறந்துவிட்டு ஒன்றுமே வரவில்லை என்று கூப்பிட்டவர்கள் நிறைய.

ஓடும் எழுத்துகளில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிகிறதே?

கார்டின் குற்றமல்ல. சாதாரணத் தர ஒளிபரப்பில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வருகின்றன. கம்ப்யூட்டர் இரண்டையும் அப்படியே ஒட்டினால் அசையும் இடத்தில் பல் விழும். செய்திக்குக் கீழே ஓடும் தமிழ் எழுத்தில் 'ழ'வின் வால் நாலாகக் கிழிந்து தெரியும், பரதநாட்டியத்தில் விரல்கள் இரண்டிரண்டாகத் தெரியும். கோடியில் வீடியோ அமைப்புக்குள் டீஇன்டர்லேஸ் என்பதைத் தானியங்கி என்று வைத்தால் போதும். பழைய, சக்தி குறைந்த கம்ப்யூட்டரில்கூட இது ஓடும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

டியூனர் வந்ததை அப்படியே எழுதி வைப்பதால் பிராசசருக்கு வேலையே இல்லை. சாதாரணத் தரச் சேனல் ஒன்று நொடிக்கு மூன்று மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு ஒன்றேகால், ஒன்றரை ஜிபி. ஒரு டெராபைட்டில் எழுநூறு மணி நேரம் பிடிக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பதிவுகளில் எதை வைத்துக்கொள்வது என்று வீட்டில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

செல்போனிலேயே ஒளிபரப்பு நேரடியாக வரப்போகிறதாமே, காத்திருக்கலாமா?

டி2எம் என்கிற அந்த முயற்சியில் பிரசார் பாரதி, ஐஐடி கான்பூர், பெங்களூரின் சாங்க்யா லேப்ஸ் எல்லாம் இருக்கிறார்கள். அது ஏடிஎஸ்சி 3.0 முறை, நம் டி2 கார்டுகள் அதைப் பிடிக்காது. அதற்காக இன்றைய ஃப்ரீ டிஷ்ஷை விட்டுவிட்டுக் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய அனலாக் டியூனர் கார்டு ஒன்று இருக்கிறது. தூக்கிப் போடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அதன் பின்பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளுக்கு இடம் இருக்கும். விசிஆரை அதில் இணைத்தால் வீட்டில் கிடக்கும் கல்யாண கேசட்டுகளை கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிடலாம். பிசிஐ செருகி உள்ள பழைய மதர்போர்டு ஒன்றும் வேண்டும், நேரு பிளேஸில் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும். ஜனக்புரியில் ஒரு அக்காவின் 1991 கல்யாண கேசட்டை இப்படித்தான் ஏற்றினோம். நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் விசிஆரின் தலையும் சேர்ந்து கெடும். இருபக்கமும் ஒருமுறை முழுக்கச் சுற்றிவிட்டு அப்புறம் பதிவைத் தொடங்குங்கள்.